உழவர் சந்தைக்கு வளைவு வேண்டுமா, 4.10 பஸ் வேண்டுமா?

ஒரு வாசகர் கேட்டது:

"எங்கள் ஊர் உழவர் சந்தைக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கிறார்கள். வாசலில் புது வளைவு வேறு. உள்ளே போனால் பாதிக் கடை காலி, மீதியில் உட்கார்ந்திருப்பது வியாபாரிகள். காய்கறி வீட்டு வாசலுக்கே வருகிற காலத்தில் இந்தச் சந்தை எதற்கு? இடத்தை வேறு எதற்காவது கொடுத்துவிடலாமே. யாராவது உருப்படியாக ஒரு காரணம் சொல்லுங்கள்."

3 பிப்ரவரி 2024, இரவு

காரணம் கேட்டால் என்னிடம் இருப்பது ஒரு பஸ் கதைதான். அரசுப் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவன் நான். உழவர் சந்தையைக் காய் வாங்கப் போய்ப் பார்த்ததைவிடப் பின்படியில் நின்று பார்த்ததுதான் அதிகம்.

2000-ல் மதுரையில் முதல் சந்தையைத் திறந்தார்கள். கொஞ்ச நாளிலேயே எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. சந்தையில் விற்பதற்கான அட்டை வைத்திருக்கிற விவசாயி காய்கறி கொண்டுவந்தால் லக்கேஜ் கட்டணம் போடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. எங்கள் வண்டி கிராமத்தில் நைட் ஹால்ட், அதாவது ராத்திரி அங்கேயே நிற்கும். விடியற்காலை 4.10-க்கு எடுப்போம். மூன்றாவது ஸ்டாப்பிங் தாண்டுவதற்குள் பின்சீட்டு வரை கூடை நிரம்பிவிடும். வெண்டை, கத்தரி, கொத்தவரை, ஈரச்சாக்கில் சுற்றிய கீரைக்கட்டு. டிக்கெட் போட உள்ளே நடக்க வழியிருக்காது. காலைத் தூக்கிக் கூடையைத் தாண்டினால், "கண்ணு, பாத்து, தக்காளி" என்று நாலு பக்கமும் குரல் வரும். ஐந்து மணிக்குச் சந்தை வாசலில் நிறுத்தினால் பாதி பஸ் காலி. சட்டையில் கொத்தமல்லி வாசனை மட்டும் மத்தியானம் வரை போகாது.

2011 வாக்கில் அந்த நைட் ஹால்ட்டை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் சந்தை வியாபாரி கைக்குப் போனது. பெயின்டும் வேண்டாம், வளைவும் வேண்டாம், அந்த 4.10-ஐத் திருப்பி விட்டுப் பார்க்கட்டும்.

4 பிப்ரவரி, காலை

நேற்று 2000 என்று எழுதியது தப்பு. மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் திறந்தது 1999 நவம்பர் 14. நேரு பிறந்தநாள். இதைச் சுட்டிக்காட்டியவருக்கு ஒரு லக்கேஜ் ஃப்ரீ.

இன்னொருவர், இந்தியாவிலேயே நாம்தான் முதல் என்கிறார். அதுவும் இல்லை. அதே 1999 ஜனவரியில் ஆந்திராவில் ரைது பஜார் வந்துவிட்டது. பஞ்சாபில் அப்னி மண்டி 1987-லேயே. நாம் பார்த்துச் செய்ததுதான். பார்த்துச் செய்ததில் என்ன குறைச்சல்? சீக்கிரமாகவும் நிறையவும் செய்தோம்.

4 பிப்ரவரி, இரவு

"பஸ்ஸை நிறுத்தினால் வியாபாரி எப்படி உள்ளே வருவான்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பது கிலோ வெண்டைக்காய்க்கு யாரும் தனியாக வண்டி பிடிக்க மாட்டார்கள், கட்டுப்படியாகாது. பஸ் நின்றதும் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு குட்டி யானையை, அதாவது சின்ன சரக்கு வண்டியை, வாடகைக்குப் பேசினார்கள். முதல் மாதம் பத்துப் பேரும் கூடவே போனார்கள். வண்டியில் முன்னால் இரண்டு பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் பின்னால் கூடை மேல். மழை நாளில் நாலு பேர், "நீயே வித்துட்டு வந்துடு, பணத்தைச் சாயந்தரம் குடு" என்று கூடையை மட்டும் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் அதுவே பழக்கமானது. வண்டிக்காரருக்கோ பத்துப் பேர் கணக்கை எழுதிவைக்க நேரமில்லை. "கிலோ இவ்வளவுன்னு நானே எடுத்துக்கறேன்" என்றார். ஊருக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒரு வருஷத்தில் பத்துப் பேர் அட்டையும் அவர் சட்டைப் பையில்.

இதில் வில்லன் என்று யாரைச் சொல்வது? அந்த வண்டிக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான், நல்ல மனுஷன். மகளைப் படிக்க வைத்தார். ஆனால் ஒழிக்க வேண்டும் என்று சொன்ன இடைத்தரகர் இப்படித்தான் சந்தைக்குள்ளேயே முளைத்தார். யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை.

5 பிப்ரவரி

"கண்டக்டர் என்பதால் எல்லாவற்றையும் பஸ்ஸாகவே பார்க்கிறீர்கள்." உண்மைதான். பல் டாக்டரிடம் கேட்டிருந்தால் கரும்பில்தான் கோளாறு என்றிருப்பார்.

6 பிப்ரவரி

அட்டை விஷயத்தில் பலரும் சூடாக இருக்கிறீர்கள். "ரெய்டு விடணும், போலி அட்டையைப் பிடுங்கணும்." நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், ஒருநாள் அது நடக்கும் வரை.

எங்கள் ஊரில் ஒரு தடவை கறாராகச் சரிபார்த்தார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், நிலத்தில் இப்போது என்ன பயிர் நிற்கிறது, எல்லாம். முதலில் மாட்டியது யார் தெரியுமா? வியாபாரி இல்லை, அவரிடம் காகிதம் பக்காவாக இருந்தது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, உழுகிற ஒரு தம்பதி மாட்டினார்கள். நிலம் வேறு ஒருவர் பேரில், வாய்வழிப் பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை. கையில் மண் காயாத ஆட்கள், காகிதத்தில் விவசாயி இல்லை. அப்புறம் ஒரு விதவைப் பெண், பட்டா இன்னும் மாமனார் பேரில். அவர் இறந்து பல வருஷமாயிற்று.

மறுநாள் மூன்றில் ஒரு பங்கு கடை காலி. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எதுவும் இல்லை. சமவெளியில் இருக்கிற ஊரில் கேரட்டுக்கு எங்கே போவது? வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். கேரட்டுக்காக வேறு கடைக்குப் போனவர் வெண்டைக்காயையும் அங்கேயே வாங்கிவிட்டார். நம் ஊர் வெண்டைக்காய்க்காரரிடம் அன்றைக்கு மிஞ்சியது பாதிக் கூடை. சுத்தம் பண்ணப் போய் நஷ்டம் அவருக்கு.

அதனால் இப்போது என் யோசனை வேறு. வாங்கி விற்பவருக்கு ஓரமாக ஒரு வரிசை கொடுத்துவிடலாம். "இது வாங்கி விற்கும் காய்" என்று பலகை மாட்டி, வாடகையும் வாங்கிக்கொள்ளலாம். விவசாயி வரிசைக்கு வாடகையும் இல்லை, தராசும் இலவசம், அது அப்படியே இருக்கட்டும். மறைத்து நடக்கிறதால்தான் இவ்வளவு வம்பு. இதைச் சொன்னதற்கு ஒருவர் என்னை "மண்டி ஏஜென்ட்" என்று திட்டியிருக்கிறார். மண்டியில் எனக்கு யாரையும் தெரியாது. காலையில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டினால் லாரிக்காரர்கள் வழி விடாத கோபம் மட்டும் உண்டு.

9 பிப்ரவரி, தை அமாவாசை

இன்று விடியற்காலையிலேயே போய்வந்தேன். கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசைக்குப் போக வேண்டும். வாழைக்காய், பூசணி, அகத்திக்கீரை.

விலைப்பலகை பற்றிக் கேட்டவருக்கு: சந்தை ஊழியர்கள் மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து வந்து விலை வைப்பார்கள். மொத்த விலையைவிட விவசாயிக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறையைவிட வாங்குகிறவருக்குச் சுமார் 15 சதவீதம் குறைவு, இதுதான் ஆரம்பத்திலிருந்து சொன்ன கணக்கு. இன்று மாதிரி நாளில் அந்தக் கணக்கு விவசாயிக்குக் கசக்கும். பலகை எழுதியபோது ஒரு நிலைமை, ஒரு மணி நேரத்தில் வாழைக்காய்க்கு அடிதடி. வாசலுக்கு வெளியே சாக்கு விரித்தவர் கூட்டி விற்கிறார், உள்ளே இருப்பவர் பலகையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். "அமாவாசைக்கு நாலு காசு பாக்க விடமாட்டேங்கறாங்க" என்றார் ஒருவர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் வெளியே வந்தபோது ஒன்று கவனித்தேன். சாக்கு விரித்தவர் ஒரு பையனை உள்ளே அனுப்பிப் பலகையைப் பார்த்துவரச் சொன்னார். அதற்கு மேல் கொஞ்சம் வைத்துத்தான் அவர் விலை. தெரு முனைக் கடைக்காரரும் அப்படித்தான் செய்வாராம். சந்தைக்கே போகாத வீட்டுக்கும் அந்தப் பலகைதான் விலை சொல்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்தச் சந்தையில் இத்தனை டன் விற்றது என்று மட்டும் எழுதினால் இது வராது. முதலில் கேள்வி கேட்ட வாசகரே, "இந்தச் சந்தை எதற்கு" என்றால் என்னிடம் இப்போது இரண்டாவது காரணம் இருக்கிறது. பஸ்ஸைவிட இது கொஞ்சம் உருப்படி.

9 பிப்ரவரி, மாலை

எழுத மறந்தது. கழிப்பறை.

மூன்று மணிக்கு எழுந்து காய் பறித்துக் கட்டி வருகிற பெண்கள் மதியம் வரை அங்கே இருக்க வேண்டும். எங்கள் சந்தையில் கழிப்பறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்பது தினமும் ஒரு புதிர். அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதாக ஒரு அம்மா என்னிடம் சொன்னார்கள். பஸ் ஓடிய காலத்தில் டிப்போ கழிப்பறையைப் பற்றி நாங்கள் போடாத சண்டையா? அதனால் எனக்கு இது புரியும்.

2021-ல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட்டில் 50 உழவர் சந்தைகளைச் சீரமைக்கப் பன்னிரண்டரைக் கோடி என்றார்கள். சராசரியாக ஒரு சந்தைக்கு 25 லட்சம். கூரை, தரை, சாக்கடை, விளக்கு, கழிப்பறை எல்லாம் அதற்குள். பெரிய தொகை இல்லை, ஆனால் பார்த்துச் செலவழித்தால் காணும். அதில் வளைவுக்கு ஒரு பங்கு போனால்தான் வயிறு எரிகிறது. சாவியைப் பொறுப்பான ஒரு ஆளிடம் கொடுப்பதற்கு எந்த பட்ஜெட்டும் தேவையில்லை.

11 பிப்ரவரி

சியாட்டிலில் இருக்கிற என் அக்கா மகனிடம் இதைப் பற்றிப் பேசினேன். அங்கே பைக் பிளேஸ் என்று ஒரு சந்தை, 1907 ஆகஸ்ட் 17-ல் ஆரம்பித்தது. அதற்குக் காரணம் வெங்காயம்தானாம்! விலை எக்கச்சக்கமாக ஏறி, நடுவில் இருக்கிறவர்கள் தின்கிறார்கள் என்று ஜனங்கள் கொதித்து, விவசாயிகள் குதிரை வண்டியோடு வந்து நேரே விற்கட்டும் என்று நகர மன்றம் வழி செய்தது. 1960-களில் அதையும் இடித்துவிட்டுக் கட்டடம் கட்டத் திட்டம் போட்டார்கள். 1971-ல் ஊரே ஓட்டுப் போட்டு நிறுத்தியது. "இடத்தை வேறு எதற்காவது" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு போல.

எனக்குப் பிடித்தது வேறு. அங்கே தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு, சீனியாரிட்டிப்படி அன்றைய மேடையைக் கொடுப்பார்களாம். எங்கள் டிப்போவில் டியூட்டி போடுகிற மாதிரியே! சீனியாரிட்டி என்றாலே சண்டைதானே, அங்கேயும் சண்டை உண்டா என்று கேட்டேன். "மாமா, மனுஷங்கதானே" என்றான்.

இப்போது அங்கே காய்கறி வாங்குகிறவரைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்தான் அதிகம் என்றும் சொன்னான். அதைக் கேட்டதும் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. சந்தையைக் காப்பாற்றிவிட்டு அதை ஃபோட்டோ எடுக்கிற இடமாக்கினால் நம் ஊர் வெண்டைக்காய்க்காரருக்கு என்ன பிரயோஜனம்?

12 பிப்ரவரி

நான் எதிர்பார்த்த அடி வந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த டைம் கீப்பர் ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டு ஃபோன் செய்தார். "கதை நல்லா இருக்கு. கடைசி ரெண்டு வருஷம் அந்த டிரிப்பில எத்தனை கூடை ஏத்தின, சொல்லு பாப்போம்."

உட்கார்ந்து யோசித்தேன். ஆரம்பத்தில் முப்பது, நாற்பது. கடைசி வருஷம் ஆறு, ஏழு. சில நாள் நாலு. பஸ்ஸை எடுத்ததால் விவசாயி வரவில்லை என்று எழுதினேன். பஸ்ஸை எடுப்பதற்கு முன்பே பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருக்கிறார்கள். கலெக்‌ஷன் இல்லாத டிரிப்பை எந்த டிப்போவும் வைத்திருக்காது.

ஏன் நிறுத்தினார்கள்? ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக நினைத்துப் பார்த்தேன். முதல் ஸ்டாப்பிங்கில் ஏறுகிற அண்ணன் கிணறு வற்றிப் பஞ்சாலைக்குப் போய்விட்டார். ஆலமரத்து ஸ்டாப்பிங்கில் நிலமே மனைப்பிரிவு, கல் நட்டாகிவிட்டது. மூன்றாவது ஸ்டாப்பிங் கீரைக்கார ஆத்தாவுக்கு முட்டி வலி, பின்படி ஏற முடியவில்லை. அந்த உயரப் படிக்கு நான் எத்தனை தடவை கை கொடுத்திருப்பேன்! 2001-ல் ஆட்சி மாறியதும் சந்தையைக் கண்டுகொள்ள ஆளில்லாமல் போன சில வருஷங்கள் வேறு. 2006-க்கு மேல் மறுபடி கவனித்தார்கள் என்றாலும், விட்டுப்போன பழக்கம் எல்லோருக்கும் திரும்பவில்லை.

அதனால் 3-ம் தேதி எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: பஸ் நின்றது முதல் காரணம் இல்லை. தாக்குப்பிடித்து வந்துகொண்டிருந்த அந்த ஆறேழு கூடையையும் முடித்தது அதுதான். அந்த ஆறேழு பேர் யாரென்று பார்த்தால் வண்டி பேச வசதியில்லாதவர்கள், பெரும்பாலும் பெண்கள். சந்தை யாருக்காக வந்ததோ, அவர்கள்.

டைம் கீப்பருக்கு இது போதாது, தெரியும். அவர் எப்போதுமே ரெண்டு நிமிஷ லேட்டுக்கு மெமோ கொடுக்கிறவர்.

14 பிப்ரவரி

"பெண்களுக்குத்தான் 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையே, அப்புறம் என்ன பஸ் பிரச்சினை?" டிக்கெட் இல்லாதது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தடத்தில் முதல் வண்டி சந்தை வாசலுக்கு வருவதே 6.40-க்கு. நல்ல மேடை எல்லாம் அதற்குள் போய்விடும். கடைசி மூலைதான் கிடைக்கும், அங்கே வாடிக்கை வராது.

மாலைச் சந்தை பற்றி: பல ஊரில் மாலை 4 முதல் 8 வரை சிறுதானியம், பருப்பு, எண்ணெய் விற்கவும் சந்தையைத் திறந்துவிட்டார்கள். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிகளும் கடை போடுகின்றன. எனக்கு இது பிடித்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்கு எங்கே பையைத் தூக்கிக்கொண்டு வருவார்? ஆனால் பச்சைக் காய்க்கு மாலை ஒத்துவருமா என்று சந்தேகம். காலையில் பறித்தது மாலைக்கு வாடும், மாலையில் விற்றால் திரும்பிப்போக இருட்டும்.

ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் நான் பாதி நாள் காய் வாங்குவது சாயந்தரம் எங்கள் தெருவுக்கு வருகிற தள்ளுவண்டியில்தான். வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு, "பத்து நாளா ஊருக்கே உபதேசம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

2020 ஊரடங்கில் எங்கள் உழவர் சந்தையைப் பஸ் நிலையத்துக்கு மாற்றினார்கள், ஞாபகம் இருக்கிறதா? பல ஊரிலும் அப்படித்தான். அகலமான இடம், வட்டம் போட்டு நிற்க வைத்தார்கள், கூட்டம் நன்றாகவே வந்தது. இருபது வருஷமாகச் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் முடிச்சுப் போட முடியாமல் இருந்தோம். கடைசியில் பஸ் ஒன்றுகூட ஓடாத மாதத்தில் சந்தை பஸ் நிலையத்துக்கே வந்தது.

18 பிப்ரவரி

இரண்டு வேலை செய்தேன். டிப்போவில் ஒரு மனு கொடுத்தேன்: 4.10 வேண்டாம், முதல் வண்டியை ஒரு மணி நேரம் முன்னால் எடுங்கள், இருக்கிற டிரிப்பை நகர்த்தினால் போதும், புது வண்டி கேட்கவில்லை. "பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், நானே பயணிகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது வேலை: மூன்றாவது ஸ்டாப்பிங்கில் ஏறுகிற கீரைக்கார ஆத்தாவைப் பார்த்தேன். முட்டி வலியால் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் 12-ம் தேதி எழுதினேன், அதுவும் தப்பு. சந்தைக்கு எதிரே, பஸ் ஸ்டாப்பிலேயே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அமாவாசை அன்றும் இருந்திருப்பார்கள், கூட்டத்தில் நான்தான் பார்க்கவில்லை. 6.40-க்கு வந்து இறங்கி, அதே வண்டி திரும்பி வரும் 8.15-க்கு ஏறிப் போய்விடுகிறார்கள். முப்பது கட்டு. பத்து கட்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களே வாங்கிவிடுகிறார்கள்.

உள்ளே வரலாமே, மேடை இருக்கிறது, நிழல் இருக்கிறது, அட்டை நான் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"உள்ள போனா 8.15 வர்றது தெரியாது கண்ணு" என்றார்கள். "அதை விட்டா அப்புறம் பத்தரைக்குத்தான். மாட்டுக்கு ஆரு தண்ணி காட்டறது?"

இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். எதிரே வளைவில் பெயின்ட் இன்னும் காயவில்லை.